பாப்பாவின் டப்பாக்கள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பாப்பா வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. முப்பத்தாறு வயது, நர்ஸின் நாத்தனார். பிறந்த வீட்டில் வைத்த செல்லப்பெயர் காதோரம் நரைத்த பிறகும் அவளை விடவில்லை. பூச்சிகளை ஆராய்கிற வேலை. பாலைவனத்தில் என்னென்ன சிலந்தி, தேள், வண்டு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கிளம்பி வா பாப்பா, நம்ம வீட்டைச் சுத்தி வேற என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டார்.

அதில் பொய்யில்லை. மணல்வெளிக்கு நடுவே இருந்த சூரிய மின் நிலையம் அது. கண்ணுக்கெட்டிய வரை கருநீலப் பலகைகள், அவற்றைத் துடைக்கிற ஆட்கள், பத்துப் பன்னிரண்டு தகரக்கூரை வீடுகள், ஒரு சின்ன மருந்தகம். அண்ணன் அங்கே எலெக்ட்ரீஷியன். அவர் மனைவி மருந்தகத்து நர்ஸ். டாக்டர் வாரம் ஒரு முறை எட்டிப் பார்ப்பார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம் வண்டியில் போக வேண்டும்.

நர்ஸ் எதற்கும் முகம் சுளிக்கிறவள் இல்லை. அழுகின புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு அலம்பி, அப்படியே சாப்பிட உட்காருவாள். ஆனால் நாலு காலுக்கு மேல் வைத்திருக்கிற எந்த ஜீவனும் அவளுக்கு ஆகாது. அது பயமில்லை, அருவருப்பு. கட்டிலின் நான்கு கால்களையும் தண்ணீர் டின்களுக்குள் நிறுத்தியிருந்தாள். தினமும் காலையில் அந்த டின்களில் மல்லாந்து மிதக்கிற கறுப்பு வண்டுகளைக் கணவர்தான் அள்ளிக் கொட்ட வேண்டும். அவர் கொட்டி முடிக்கும் வரை அவள் சுவரைப் பார்த்து நிற்பாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பாப்பா நாற்பது பிளாஸ்டிக் டப்பாக்களோடு வந்து இறங்கினாள்.

வந்த மறுநாளே ஒன்று நடந்தது. நர்ஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வைக்கோல் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் மயிராக ஒன்று மணலில் ஓடிவந்தது. அவள் இடப்பக்கம் ஓடினாள். அதுவும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் திரும்பினாள், அதுவும் திரும்பியது. ஈரத் துணியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே வீட்டுக்குள் பாய்ந்தாள்.

"அண்ணி, அது உங்களைத் துரத்தல. வெயில் தாங்காம உங்க நிழலைத் தேடி வருது, பாவம். ஒட்டகச் சிலந்தின்னு பேரு," என்றாள் பாப்பா, அதை ஒரு டப்பாவில் கவிழ்த்துப் பிடித்தபடி.

"என் நிழல்ல ஒதுங்க அதுக்கு யார் அனுமதி குடுத்தா? மொதல்ல தூக்கிட்டுப் போ."

பாப்பா தூக்கிக்கொண்டு போனது முன்னறை மேசைக்கு. அன்று சாயங்காலம் அந்த டப்பாவுக்குள் ஒரு பல்லியைப் போட்டாள். ஒட்டகச் சிலந்தி அதைத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. பொரித்த அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி சத்தம். இரண்டு ஜோடித் தாடைகள் மாறி மாறி அரைக்க, பல்லியின் வால் மட்டும் வெளியே துடித்தது. நர்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். கணவர் மட்டும், "அடேயப்பா, என்ன பசி அதுக்கு!" என்று தங்கையோடு தலையை முட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ரத்த பாசம்!

அதன்பின் நாளொரு டப்பாவாக வளர்ந்தது. மேசையில் தேள்கள், அலமாரியில் சிலந்திகள், ஜன்னலில் தொட்டால் நாறுகிற வண்டுகள். வீடு முழுக்க ஊறவைத்த பழந்துணி மாதிரி ஒரு வாடை. நர்ஸுக்குத் தலைமுடி ஒன்று கழுத்தில் பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. நாத்தனாரை விரட்டினாள் என்ற பேர் வந்தால் காலத்துக்கும் போகாது.

பதினோராம் நாள் மத்தியானம் பாலை எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தாள். பால் பாத்திரத்தை ஒட்டி ஒரு டப்பா. உள்ளே விரல் நீளத் தேள். அதன் முதுகில் ஏதோ வெள்ளையாக அப்பியிருந்தது. பூஞ்சைக்காளான் என்று நினைத்துக் கிட்டத்தில் பார்த்தாள். காளான் இல்லை. குஞ்சுகள். முப்பது நாற்பது இருக்கும். பால் பற்களைப் பிடுங்கிக் கால் முளைக்க வைத்த மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் பார்க்கும்போதே ஒன்று மெதுவாக அசைந்து, சின்ன வாலைத் தூக்கியது.

பால் பாத்திரம் தரையில் உருண்டது.

"பாப்பா!"

பாப்பா ஓடிவந்தாள். "ஐயோ அண்ணி, கொட்டிடுச்சா?"

"பால்தான் கொட்டிச்சு! சாப்பாடு வைக்கிற இடத்துல என்ன கருமத்தடி வச்சிருக்க?"

"மூடி இறுக்கமாத்தான் இருக்கு அண்ணி. குளிர்ல வச்சா அசையாம இருக்கும், போட்டோ எடுக்க வசதி. பத்தே நிமிஷம்தான்..."

"பத்து நிமிஷமா? பத்து நாளா பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். இந்த நாத்தத்துல எவன் குடித்தனம் பண்ணுவான்? அதான் உன் புருஷனும் ரெண்டே வருஷத்துல ஓடிட்டான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. பாப்பா டப்பாவை எடுத்துக்கொண்டாள். குனிந்து, சிந்திய பாலைத் துடைத்தாள். பிறகு தன் டப்பாக்களை எல்லாம் அட்டைப் பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தாள். நர்ஸ் மருந்தகத்துக்குப் போய்விட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, அன்று முழுக்க யாரிடமும் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் பஞ்சையும் கட்டுத்துணியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நர்ஸ் மருந்தகத்தைப் பூட்டப் போனபோது கணவர் பாப்பாவைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தார். ஊருக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒரு தரம் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்துப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தாளாம். கையளவு தேளை வெறுங்கையால் தூக்குகிறவள், இப்போது வலது காதைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அலறினாள்.

"காதுக்குள்ள வண்டு பூந்துடுச்சு. அரை மணி நேரமா துடிக்கிறா. உன்கிட்ட வர மாட்டேன்னு அடம் பிடிச்சா," என்றார் அவர்.

"எடுங்க அண்ணி, எடுங்க! உள்ள நடக்குது! மத்தளம் அடிக்கிற மாதிரி கேக்குது!"

நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். உயிரோடு இருக்கும்போது பிடித்து இழுக்கக் கூடாது, முதலில் எண்ணெய் விட்டு அது செத்த பிறகு எடுங்கள் என்றார் அவர். அவளுக்கும் தெரிந்ததுதான். தெரிந்து என்ன? டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தாள். சிவந்த சதைக்கு நடுவே பளபளவென்று ஒரு கறுப்புப் பின்புறம். முள் முள்ளாக இரண்டு பின்னங்கால்கள் சதையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அவள் ஒரு கணம் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"தலையைப் பிடிச்சிக்கோங்க," என்றாள் கணவரிடம்.

வெதுவெதுப்பான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். உள்ளே அது வெறி பிடித்த மாதிரி உதறியது. பாப்பா நர்ஸின் முழங்காலை நகம் பதியப் பிடித்துக்கொண்டு கதறினாள். எண்ணெயில் குமிழி வந்தது. பிறகு இன்னொரு குமிழி. மெல்ல மெல்ல எல்லாம் அடங்கியது.

"நின்னுடுச்சு அண்ணி."

"அசையாத."

இடுக்கியை உள்ளே விட்டாள். முதலில் ஒரு கால் மட்டும் பிய்ந்து வந்தது. அடுத்து இறக்கையின் ஓடு, நகத்துண்டு மாதிரி. இடுக்கி வழியாக அந்த மொறுமொறுப்பு விரலுக்கு ஏறியபோது கை கூசியது. கண்ணை மூடவும் முடியாது. மூன்றாம் முறை உடம்பைப் பிடித்தாள். வழவழவென்று, மஞ்சளாக ஏதோ கசிய, பயறளவு வண்டு தட்டில் வந்து விழுந்தது. பழந்துணி நாற்றம் அறையை நிறைத்தது.

காதை நன்றாகப் பார்த்தாள். சவ்வு கிழியவில்லை, கீறல்தான். மருந்து விட்டுப் பஞ்சு வைத்தாள். அப்புறம் நேராகத் தொட்டிக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவினாள், கையை முழங்கை வரை மூன்று தரம் தேய்த்தாள், மறுபடி குமட்டியது.

திரும்பினால் பாப்பா தட்டின் மேல் குனிந்திருந்தாள்.

"அண்ணி, ஒரு சின்ன பாட்டில் இருக்குமா? கால் பிஞ்சாலும் பரவால்ல. இந்த வகையை நான் இன்னும் பாத்ததே இல்ல."

"சீ! நீயெல்லாம் ஒரு ஜென்மமா?" என்றாள் நர்ஸ். ஆனால் அலமாரியிலிருந்து காலி மருந்துப் புட்டியை எடுத்து நீட்டினாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கணவர் பூச்சிக்கு வைத்த விளக்கை அணைக்க வெளியே போனார். நாத்தனாரும் அண்ணியும் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினாள்.

"மத்தியானம் நான் சொன்னது தப்பு, பாப்பா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பாப்பா பஞ்சு வைத்த காதைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல அண்ணி. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

நர்ஸ் எழுந்து, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்து, இன்னொரு முறை சொன்னாள்.