நோட்டில் ஏறாத அளவுகள்

ஆலையின் பாய்லர் அறையில் முப்பத்தொரு வருஷம் மீட்டரைப் பார்த்து அழுத்தத்தைக் குறித்துவந்தவருக்கு, கூட வேலை செய்தவர்கள் வைத்த பேரும் மீட்டர்தான். ஓய்வு பெற்ற பிறகும் குணம் ஓயவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு மனைவியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். தேதி போட்டு நோட்டில் எழுதுவார். ஆறு வருஷத்தில் நாலு நோட்டு நிறைந்துவிட்டது. ஒரு நாள்கூட நூற்று நாற்பதைத் தாண்டியதில்லை.

அந்தத் தெம்பில்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தார். பென்ஷனோடு வரும் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைத்தான் ஏற்கும். மீதிக்குத் தனியாக ஒரு துணைப் பாலிசி வேண்டும். எழுபது முடிந்துவிட்டால் அதில் சேர முடியாது. மனைவிக்கு அடுத்த மாதம் எழுபது முடிகிறது.

“நாலு நோட்டு இருக்கு தம்பி, எடுத்துப் பாருங்க. வராத வியாதிக்கு நான் எதுக்குக் கட்டணும்?”

“வந்தப்புறம் சேத்துக்க மாட்டாங்களே சார்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னார்: “எனக்கு அது வேணும்ங்க.”

மீட்டர் திகைத்துப்போனார். வாயைத் திறந்து எதையும் கேட்கிற மனுஷி இல்லை அவர். “எதுக்கு?” என்றதற்கு, “இருந்துட்டுப் போகட்டுமே” என்று மட்டும் பதில் வந்தது.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பாலிசிக்கான பரிசோதனைக்குப் போவது. எல்லாம் சரியாக இருந்தால் மனைவி இந்தப் பேச்சை விட்டுவிடுவது. ஜெயித்த மாதிரியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் மீட்டர்.

நர்ஸ் ஐந்து நிமிஷ இடைவெளியில் மூன்று தடவை பார்த்தாள். நூற்று எழுபத்திரண்டு, நூற்று அறுபத்தொன்பது, நூற்று எழுபத்தொன்று. மூன்றையும் எழுதினாள்.

“இன்னொரு தடவை பாருங்கம்மா,” என்றார் மீட்டர்.

“மூணு தடவைதான் சார்.”

“கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும். அந்த ஜன்னலைத் திறந்து விடுங்க. எங்க வீட்ல அப்படித்தான் குறையும்.”

“குறையிற வரைக்கும் பாப்பீங்களா?”

பாய்லர் அறையில் வழக்கமே அதுதான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வால்வைத் திறந்து ஆவியை விடுவார்கள். முள் இறங்கிய பிறகுதான் எழுதுவார்கள். மேலதிகாரியும் கேள்வி கேட்க மாட்டார். வீட்டிலும் மீட்டர் தண்ணீர் கொடுத்து, கண்ணை மூடிச் சாயச் சொல்லி, நாலாவது ஐந்தாவது தடவையில் இறங்கிய எண்ணைத்தான் எழுதினார். அதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மனைவிக்கு வால்வு கிடையாது என்பது மட்டும் ஆறு வருஷமாக அவர் மண்டையில் ஏறவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் மீட்டர் மெதுவாகக் கேட்டார்: “உனக்குத் தெரியுமா?”

“என் கையிலதானே சுத்துனீங்க. எனக்கும் கண்ணு இருக்கு.”

“ஏன் சொல்லல?”

“நல்ல நம்பர் வந்தாத்தான் நீங்க எந்திரிச்சு காப்பியே குடிப்பீங்க. அந்த மொகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? அதான், இன்சூரன்ஸாவது இருக்கட்டும்னு கேட்டேன்.”

இத்தனை வருஷத்தில் எந்தப் பாய்லர் முன்னாலும் மீட்டர் இப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் ஏஜென்ட் தயங்கித் தயங்கிச் சொன்னான். தவணை கூடும், ரத்த அழுத்தத்தால் எது வந்தாலும் முதல் ரெண்டு வருஷத்துக்கு ஒன்றும் கிடைக்காது. “யோசிச்சுச் சொல்லுங்க சார்.”

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார் மீட்டர்.

அடுத்த நாள் காலை ஏழு மணி. பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று அறுபத்தெட்டு. மனைவி வழக்கம்போலத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, அடுத்த சுற்றுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் தொறம்மா,” என்றார் மீட்டர். “எழுதிட்டேன்.”