ஆறாவது துளை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் ஒரு போலீஸ்காரன் கதை எழுதத் துணிந்தேன். அவன் ரிவால்வரைப் பிடிக்கும் விதம் சரியாக வரவில்லை என்று பெட்ரோல் பம்பில் குழாயை வாங்கி நானே பிடித்துப் பார்த்தேன். பம்புக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டுக்கு வந்து எழுதினேன்: "இடது கையை வலது கைமேல் போர்த்தி, இரண்டு கட்டைவிரல்களையும் குழலை ஒட்டி முன்னால் நீட்டினான்."

தட்டச்சாகி வந்த பிரதியில், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

(சார், கட்டைவிரல் அங்க இருக்கப்படாது. குண்டு போடற உருளைக்கும் குழலுக்கும் நடுவுல ஒரு இடுக்கு உண்டு. வெடிக்கறச்சே அது வழியாத் தீ வரும், விரல் வெந்துடும். ரெண்டு கட்டைவிரலையும் ஒண்ணுமேல ஒண்ணா மடக்கி வைக்கணும். சுடற வரைக்கும் ஆள்காட்டி விரல் விசைமேல படாம வெளியில நீட்டிண்டு இருக்கணும். - சா.)

சா. என்றால் சாவித்ரி. ஸ்ரீவராகம் என்ற பேட்டையில் வீட்டிலிருந்தே தமிழ் தட்டச்சு செய்துதருபவர். ஏழு வருடமாக என் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன். அதுவரை அவர் திருத்தியதெல்லாம் ஒற்றுப்பிழைகள்தான்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"சாவித்ரி துப்பாக்கிகளைப் பற்றி நிறையப் படித்திருந்தாள்." (பொய். அடித்துவிட்டேன்.)

"சாவித்ரியின் அப்பா ராணுவத்தில்" (பாதியில் விட்டேன். அவர் கல்யாணச் சமையல் காண்டிராக்டர்.)

கடைசியில் போனில் கேட்டேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்காத்துல தோக்கு, அதான் துப்பாக்கி, இருக்கு சார். லைசென்ஸ் உள்ளது. அவர் பொன்முடில எஸ்டேட் மானேஜரா இருந்தப்போ வாங்கினது."

"நீங்க சுட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"நான் எங்க சுடறது? நான் இந்தப் பக்கம்னா இருக்கேன்."

எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று.  அப்போதே போலீஸ்காரன் கதையைத் தூக்கிப் போட்டேன். ஒரு பெண்ணின் கிலி என் கைக்கு வந்ததும் காகிதத்தைத் தேடினேன். எழுத்தாளன் என்றால் அப்படித்தான்.

3

இனி அவளைப் பற்றிய கதை.

சாயங்காலம் விளக்கேற்றியதும் அவள் கணவர் கல்யாணராமன் அலமாரியைத் திறப்பார். துப்பாக்கியைத் துணியால் துடைப்பார். "பிடி விட்டுப் போயிடும், பழகிண்டே இருக்கணும்" என்பார். சாவித்ரி எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும். சுவரைப் பார்த்து நின்று துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, அதன்பிறகே அவள் பக்கம் திரும்புவார். இரண்டு கைகளும் சேர்ந்து கைப்பிடியை உயரமாகப் பற்றியிருக்கும். இடது கட்டைவிரலில் பழைய தீத்தழும்பு. ஆரம்பத்தில் அவரும் தப்பாகத்தான் பிடித்தார்.

"அசையாதே. காலிதான்."

சாவித்ரி துளைகளைப் பார்ப்பாள். எதிரே நின்றால், உருளையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு தெரியும். குண்டு இருந்தால் ஈயத்தின் மூக்கு தெரியும், இல்லாவிட்டால் கறுப்பு. கீழே ஒன்று மறைந்திருக்கும், அதனால் ஆபத்தில்லை. ஆறாவது குழலுக்குப் பின்னால் இருக்கிறது. சுடப்போவது அது. அதை மட்டும் அவளால் பார்க்க முடியாது.

டக். வெறும் சத்தம்.

"பார்த்தியா, நான் சொன்னேனா இல்லையா" என்று சிரித்துவிட்டுக் காப்பி கேட்பார். அவள் எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைப்பாள்.

4

இவ்வளவு பயந்தவள் ஏன் வெளியேறவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கேட்டேன்.

"போலீஸ்ல சொல்லலாமே?"

"சொல்லலாம் சார். ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வர எத்தனை நேரம் ஆகும்? அவர் ஹால்லேர்ந்து அடுக்களைக்கு வர எத்தனை நேரம் ஆகும்?"

தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் அவள் சாயங்காலத்தில் தூங்கியிருக்கிறாள். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து யார் ஜெயிப்பார் என்று பார்த்தது. இவளோ வோட்டு எண்ணி முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். எண்ணி முடித்தார்கள். நாலாம் நாள் அது வீட்டுக்கு வந்துவிட்டது.

"அடுத்த தேர்தல் எப்போ சார்?" என்று சாவித்ரி ஒருமுறை என்னிடம் கேட்டார். அவருக்கு அரசியலில் ஆர்வம் என்று நினைத்திருந்தேன். நான் ஒரு மடையன்.

5

கல்யாணராமன் தமிழ்ப் பத்திரிகை ஒன்றையும் விடாமல் வாசிப்பவர். அதுதான் சிக்கல். பெயர்களை மாற்றினேன். தெருவை மாற்றினேன். தழும்பை மூன்று முறை எடுத்தேன். எடுத்தால் கதை நொண்டியது, மறுபடி வைத்தேன். மனிதன் தன் பெயரை மறந்தாலும் தன் கை பிடிக்கும் விதத்தை மறக்கமாட்டான்.

வேறு யாராலும் என் எழுத்தைப் படிக்க முடியாது என்பதால் இதையும் சாவித்ரிக்கே அனுப்பினேன். நீங்கள் சரி என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். முடிவுகளும் அனுப்பினேன்.

முதல் முடிவு: அவள் குண்டுகளை எடுத்து அரிசி டின்னில் ஒளிக்கிறாள். (தினமும் எண்ணிப் பார்ப்பார் சார். - சா.)

இரண்டாவது: வித்துராவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். (அண்ணாதான் திருப்பிக் கொண்டுவந்து விட்டான், ரெண்டு தடவை. - சா.)

மூன்றாவது: ஒருநாள் துப்பாக்கி அவள் கையில் இருக்கிறது. பிடி எல்லாம் சரியாக (இதுக்கு மேல எழுதாதீங்கோ. - சா.)

6

(சார், ஆறாம் பாகத்தை டைப் அடிக்கலை. நீங்க எழுதின முடிவு நன்னாத்தான் இருக்கு. ஆனா அது உங்களுக்கு வேண்டிய முடிவு. இன்னைக்கு விளக்கேத்தறதுக்கு முன்னாடியே தோக்கை எடுத்துட்டார். நாலு துளைல ஒண்ணுல மூக்கு தெரிஞ்சது. டக்குனு சத்தம்தான் கேட்டது. காப்பி போட வந்த இடத்துல இதை அனுப்பறேன். இன்னும் பழகணுமாம், கூப்பிடறார். - சா.)

மூன்று முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. போலீஸ் அவசர எண் நூற்றுப்பன்னிரண்டுக்குச் சொல்லியாயிற்று, வண்டி புறப்பட்டுவிட்டது என்றார்கள். அந்த வீட்டில் ஹாலிலிருந்து அடுக்களைக்கு எத்தனை அடி என்று நான் கேட்கவே இல்லை. ஒரு கையில் ஸ்கூட்டர் சாவியுடன், நின்றபடியே, இதைக் கிறுக்குகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

என் சத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால், ஒன்று, சாவித்ரி சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், கேட்பதற்கு அவர் இல்லாமல் போயிருக்க வேண்டும். எது என்று எனக்கு இந்த நிமிடம் தெரியாது. நான் புறப்படுகிறேன்.