பார்க்காத அரை மணி நேரம்

"நிப்பாட்டாத, பிள்ளை. மெழுகுதிரியைக் கையில குடுத்தனி. பேந்து?"

ரொறன்ரோவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய தம்பி அருமைராசாவின் முன்னால் மகளை முழங்கையில் பிடித்து நிறுத்தியிருந்தாள் அக்னெஸ். அருமைராசா ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவருடைய சப்பாத்திலிருந்து உப்புக் கலந்த பனிச்சேறு மலர்ச்சாலையின் கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால், சவப்பெட்டிக்குள், மகனின் கலியாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட்டோடு அவள் புருசன் நீக்கிலாப்பிள்ளை படுத்திருந்தார்.

"பேந்து, காதுக்குள்ள யேசு மரி சூசை எண்டு சொன்னன், மாமா," என்றாள் றோஸ்மேரி. "அப்பாவும் சொன்னவர். மூண்டு தரம்."

"'என்ரை பிள்ளை' எண்டு சொன்னதை விட்டிட்டாய்."

றோஸ்மேரி அதை ஒருபோதும் சொன்னதில்லை. நேற்று யாருக்கோ சொல்லும்போது அம்மாவே சேர்த்துக்கொண்டது அது. ஒரு இரவு கழிந்ததும் அதுவும் நடந்த விசயமாகிவிட்டது.

"ஓம். அதையும் சொன்னவர்."

அருமைராசா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார். "எங்கட ஐயா ஆஸ்பத்திரியில ஒருத்தரும் பக்கத்தில இல்லாமப் போனவர். இந்தச் சாவு எல்லாருக்கும் கிடையாது, அக்கா. பெத்த பிள்ளை காதுக்குள்ள சொல்ல..."

றோஸ்மேரி அவருடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைச் சொல்வது இது ஏழாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த அறை இன்னும் தெளிவாக அவள் கண்ணில் விழுந்தது. கட்டிலின் ஓரத்தில் தான் குனிந்திருப்பதும், அப்பாவின் உதடு அசைவதும். உண்மையில் நடந்ததைவிட நடக்காதது இப்போது துலக்கமாக இருந்தது.

உண்மையில் நடந்தது செவ்வாய்க்கிழமை பிற்பகல். மூன்று நாளாக ஆஸ்பத்திரிக் கதிரையிலேயே இருந்த அம்மா, குளித்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள். போகும்போது கடதாசியில் சுற்றிய மந்திரித்த மெழுகுதிரியை அவளிடம் கொடுத்தாள். "ஒக்சிசன் இருக்கெண்டு கொளுத்த விடமாட்டாங்கள். கொளுத்தாட்டிலும் பரவாயில்லை, கையில குடு. மூண்டு நாமத்தையும் காதுக்குள்ள சொல்லு. எழும்பிப் போகாத, பிள்ளை. மூத்திரம் முட்டினாலும் அடக்கிக்கொண்டு இரு."

அரை மணி நேரம் இருந்தாள். அப்பாவின் மூச்சு ஒன்று வந்து, நெடுநேரம் நின்று, பிறகு எங்கோ தூரத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருவதுபோல் மறுபடி வந்தது. நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். இதை நான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இது நடக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. நான் போய்விட்டால் நடக்காது. ஆளில்லாமல் அப்பா சாகமாட்டார்.

பைத்தியக்கார எண்ணம்தான். ஆனால் அதை அவளுக்குப் பழக்கியவர் அப்பாவே. இருபது வருசம் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவியவர் அவர். அங்கே யன்னல் கிடையாது. மருந்துத் தண்ணீர் அவருடைய விரல் நகங்களைச் சதையளவுக்குத் தின்றிருந்தது. வீட்டுக்கு வந்து கைக்குக் களிம்பு பூசிக்கொண்டே சொல்வார்:

"நான் கீழ நிக்கேக்க மொன்றியலில வெயிலே இல்லைத் தெரியுமோ? நான் படி ஏறிற சத்தம் கேட்டுத்தான் ஓடிப்போய் எடுத்து வைக்கிறாங்கள்."

"சும்மா விசர்க்கதை கதையாதையுங்கோ," என்பாள் அம்மா.

"விசரோ? அப்ப நீர் போய்ப் பாத்தனீரோ? பாக்காமல் எப்பிடிச் சொல்லுவீர்?"

சிறு வயதில் றோஸ்மேரி கண்ணைப் பொத்தினால் அவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார். மூச்சுச் சத்தமும் கேட்காது. "அப்பா?" என்றால் பதில் வராது. பயந்துபோய்க் கையை எடுத்தால், "வந்திட்டன்!" என்று கண்ணை உருட்டுவார்.

அவள் எழும்பிக் கீழே போனாள். சிற்றுண்டிச்சாலையில் ஒரு பூட்டீன் வாங்கினாள். சுடச்சுடக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு, பல்லில் இழுபடும் சீஸ். பசியாயிருந்தாள். முழுவதையும் தின்றாள். தின்று முடிந்த பிறகும் கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாமாக அரை மணி நேரம். ருசியாக இருந்தது என்பதுதான் இப்போது நினைக்கையில் எல்லாவற்றையும்விடக் கூசியது.

திரும்பி வந்தபோது தாதி அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு றோஸ்மேரி மெழுகுதிரியை எடுத்து அப்பாவின் விரல்களுக்குள் செருகிப் பார்த்தாள். அது உருண்டு விழுந்தது. எடுத்துத் தானே பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாளோ தெரியாது, கைத்தொலைபேசி அடித்தது. தாதி அம்மாவுக்கு அறிவித்திருந்தாள்.

"பக்கத்தில நிண்டனியோ?" அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஓம்."

ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மிச்சத்தை அம்மாவே கேட்டுக் கேட்டுக் கட்டினாள். மெழுகுதிரி குடுத்தனியோ? ஓம். நாமம் சொன்னவரோ? ஓம். எத்தினை தரம்?

"அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்கோ." கர்க்லாண்டிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பி ஜெராட், மடிக்கணினியோடு மலர்ச்சாலையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். "'மூன்று திருநாமங்களையும் மும்முறை மொழிந்து, மகளின் கரத்தில் உயிர் துறந்தார்' எண்டு போடட்டோ? முந்நூறு புத்தகம். மன்னாருக்கும் அனுப்பவேணும்."

"அதெல்லாம் என்னத்துக்கு? வேண்டாம்."

"அம்மா போடச் சொல்லுறா." அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் மீற்றிங்கில இருந்தனான், அக்கா. போன் அடிச்சது. பாத்திட்டும் எடுக்கேல்லை. நீங்களாவது நிண்டீங்கள்."

இப்போது சொல்லிவிடலாம். நானும் நிற்கவில்லை, தம்பி. மூன்றே சொல். வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது.

தலை நரைத்த ஒரு பிரெஞ்சுக் கிழவர், ஒரு காலில் கட்டோடு, இரண்டு ஊன்றுகோல்களில் தொங்கியபடி வந்தார். பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, அப்பாவின் அறையில் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் கிடந்தவர். மிஸ்யே கயத்தான். அவள் அவரை முற்றாக மறந்திருந்தாள். அந்தப்பக்கம் ஒரு ஆள் இருந்தார் என்பதே அவளுடைய ஏழு கதையிலும் இல்லை.

பெட்டியருகே போய்ச் சிலுவை போட்டுவிட்டு அவர் அவளிடம் வந்தார். அவள் ஒரு கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்பவள். பிரெஞ்சு நன்றாக வரும்.

"நீங்கள் அறையில் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்," என்றார் அவர் பிரெஞ்சில், தாழ்ந்த குரலில். "அவர் கூப்பிட்டார். என் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள், இறங்க முடியவில்லை. மணியை அடித்தேன், ஒருவரும் வரவில்லை. திரைக்குக் கீழால் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். உங்கள் மொழியில் ஏதோ நிறையச் சொன்னார். கடைசியில் ஏதோ கேட்டார். கேள்வி மாதிரித்தான் இருந்தது. எனக்கு என்ன தெரியும்? உய், மிஸ்யே, உய், ஆம் ஐயா ஆம் என்று சொன்னேன். அவர் சிரித்தார், மதாம். பிறகு கை மெல்ல விட்டது."

அம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவளுக்குப் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும்.

"ஆர் இவர்? என்னவாம்?"

அப்பா சிரித்தாராம். அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு அந்நியனின் கையைப் பிடித்துக்கொண்டு, பதில் கிடைத்துச் சிரித்தாராம். அவள் கட்டிய எதையும்விட அது நல்ல சாவு. ஆனால் அதை உள்ளே விட வேண்டுமென்றால் மற்றதை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். மாமாவின் கண்ணீரை, அம்மாவின் 'என்ரை பிள்ளை'யை.

"அப்பாவோட ஒரே அறையில இருந்தவர், அம்மா. அப்பா நல்ல மனுசன் எண்டு சொல்லுறார்."

அம்மா கிழவரின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். "மெர்சி, மிஸ்யே. மெர்சி."

கிழவர் றோஸ்மேரியைப் பார்த்தார். "அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?"

"உய்," என்றாள் றோஸ்மேரி.

அவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு ஊன்றுகோல்களைத் திருப்பினார். கம்பளத்தில் அவருடைய சத்தம் வாசல்வரை மெதுவாகப் போய் அடங்கியது.

"அந்தத் திரியை எங்க வைச்சிருக்கிறாய்?" என்றாள் அம்மா. "நாளைக்குப் பூசையில கொளுத்தவேணும்."

றோஸ்மேரி கைப்பையைத் திறந்தாள். மெழுகுதிரி அதே கடதாசியில்தான் இருந்தது. திரிநூல் இன்னும் வெள்ளையாக இருந்தது. அம்மா அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நடுவில் நான்கு பள்ளங்கள், சின்னப் பிறை போல, ஆழமாக.

"இஞ்ச பார், தம்பி," என்று அருமைராசாவைக் கூப்பிட்டாள். "எப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கிறார். நகம் பதிஞ்சிருக்கு."

அருமைராசா குனிந்து பார்த்தார். ஜெராட்டும் எழும்பி வந்தான். அம்மா தன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு, விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

வெளியே போவதுபோல் றோஸ்மேரி கோட்டை மாட்டினாள். கைகளை அதன் பைகளுக்குள் விட்டு, விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து அவளும் மெழுகுதிரியைப் பார்த்தாள்.