ஒன்பதாம் அடுக்கில்

லேயுவார்டன் நகருக்கு வெளியே இருக்கும் அந்தக் கீரைப் பண்ணைக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குத் தட்டுகள். மண் இல்லை, வேருக்கடியில் உரநீர் ஓடும், தலைக்கு மேல் இளஞ்சிவப்பு விளக்கு எரியும். கீரை செழித்து வளரக் கரியமில வாயுவையும் குழாயில் விடுவார்கள்.

ஜனவரி மாதக் காலை. ஹிஸ்கே பொத்தானில் ஏறி இறங்கும் மேடையில் நின்றபடி ஆறாம் அடுக்கில் லெட்டூஸ் கீரை அறுத்துக்கொண்டிருந்தாள். கீழே ரீங்க் கூடைகளை அடுக்கினான்.

“மகாராணி, கொஞ்சம் கைய ஆட்டுங்க. லாரி வந்துரும்.”

“உன் வாய் போற வேகத்துக்கு உன் கை போச்சுன்னா லாரி நேத்தே போயிருக்கும்டா.”

பதில் இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் ரீங்க் இருந்ததே கிடையாது. ஹிஸ்கே எட்டிப் பார்த்தாள். அவன் ஒரு கூடையைப் பிடித்து நிற்கப் பார்த்து, முடியாமல் மெல்லச் சரிந்து விழுந்தான்.

“ரீங்க்! விளையாடாத!”

மேடையைக் கீழே இறக்கினாள். மூன்றாம் அடுக்கு வந்தபோது மூக்கு சோடா குடித்ததுபோல் சுரீரென்றது. மூச்சு இரைத்தது, இதயம் காதுக்குள் அடித்தது. அப்போதுதான் புரிந்தது. குழாய் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனம். தொட்டியில் தண்ணீர் ஏறுவதுபோல் தரையிலிருந்து ஏறும். சுவரில் இருந்த அபாய மணியோ, வாரம் முழுக்க வீணாக அலறுகிறதென்று யாரோ அணைத்துவைத்தது.

ரீங்கின் கை தரையில் ஒருமுறை அசைந்தது.

ஹிஸ்கே மேலே ஏற்றும் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்பதாம் அடுக்கில், கூரையில் தலை இடிக்க, மேற்பார்வையாளர் டவுட்சனைக் கைப்பேசியில் அழைத்தாள். “வாயு கசியுது! ரீங்க் கீழ கிடக்கான், நான் போய்த் தூக்கறேன்...”

“இறங்காத! இறங்கினா ரெண்டு பேரும் போயிருவீங்க. அங்கயே நில்லு!”

“அசையாமக் கிடக்கான் டவுட்சன்!”

“தெரியுது. நில்லுன்னு சொல்றேன்ல!”

டவுட்சன் வெளியிலிருந்தே தீயணைப்பு நிலையத்தை அழைத்து, வாயுவை அடைத்தாள். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. பெரிய கதவைத் திறந்தால் விளைச்சல் முழுதும் கருகிவிடும். திறந்தாள். பனிக்காற்று சீறி உள்ளே வந்தது. ஹிஸ்கே கம்பியை இறுகப் பிடித்து, அசையாத அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கவும் முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை. முகமூடி அணிந்த தீயணைப்பு வீரர்கள் ஓடிவந்து அவனை இழுத்துப்போனார்கள்.

ரீங்க் பிழைத்தான். மருத்துவமனையில் அவன் மனைவி பவுக்யே ஹிஸ்கேயின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: “அவர் விழுந்ததப் பாத்துட்டு நீங்க மேல போனீங்களாமே?”

கட்டிலிலிருந்து ரீங்க் கரகரத்தான்: “இவ இறங்கியிருந்தா போன் பண்ண யாரு இருந்திருப்பா பவுக்யே? இன்னிக்கு ரெண்டு வீட்டுல சாவு விழுந்திருக்கும்.”

பவுக்யே அழுதாள். பிறகு தன் நாற்காலியை நகர்த்தி, ஹிஸ்கே உட்கார இடம் விட்டாள்.

ரீங்க் அந்தக் கூடத்துக்குத் திரும்பவில்லை. மாட்டுப் பண்ணையில் வேலை தேடிக்கொண்டான். ஹிஸ்கே திரும்பினாள். அபாய மணி இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனாலும் முதல் அடுக்குக்குக் குனியும்போதெல்லாம் தன்னை அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.