நாலு ஜீபி ரேம்

செல்லசாமி அண்ணன் ஹட்டனில் வாங்கி வந்த ரேமை மேசையில் வைத்தார். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அடியில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருந்தது.

"இது சரிவராது அண்ணை" என்றேன்.

"அளவு மாறவே மாறாதுங்க சேர். பழச கொண்டு போனா மழையில நனைஞ்சிரும்னு, தேயிலைக் குச்சிய அதே நீளத்துக்கு ஒடிச்சு எடுத்துக்கிட்டுதான் பஸ் ஏறுனேன். பெக்டரிக்கு சாமான் வாங்குறதும் அப்பிடித்தான்."

அவர் தேயிலை பெக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். மகள் தனுஷிகா, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நான் நடத்தும் தோட்டத்துக் கணினி நிலையத்தில் உதவியாளர். மறுநாள் பகல் இரண்டு மணிக்குக் கொழும்புக் கம்பெனி ஒன்றின் வேலைக்கு அவள் ஒன்லைனில் பரீட்சை எழுத வேண்டும். போனில் எழுத விடமாட்டார்கள். எங்களிடம் இருந்த ஏழும் ஏதோ ஒரு ஒபிஸ் கழித்துவிட்ட மெஷின்கள். ரேம் போட ஒவ்வொன்றிலும் ஒரே இடம். இரண்டு ஜீபிக்கு மேல் ஒன்றிலும் இல்லை. பரீட்சைப் பக்கத்தைத் திறந்தாலே அப்படியே நின்றுவிடும்.

"நீளம் எல்லாத்துக்கும் ஒண்டுதான் அண்ணை. இது புது வகை. எங்கட மெஷின் பழசு. வெட்டு பொருந்தாது."

"அரம் இருக்குங்க. லேசா ராவி விட்டுறவா?"

தனுஷிகா சிரித்துவிட்டாள். "விட்டா என்னையும் ராவி கொழும்புக்கு அனுப்பிருவாரு, சேர்."

பழைய வகையிலும் எல்லாம் சேராது. நாலு ஜீபி என்றால், இரண்டு பக்கமும் எட்டெட்டுச் சில்லு இருக்கிற ரேமைத்தான் இந்த மெஷின்கள் ஏற்கும். ஹட்டனில் இரண்டு கடைக்கும் தலவாக்கலையில் ஒரு கடைக்கும் போன் செய்தேன். இல்லை என்றார்கள்.

"அப்ப ஏலாதா சேர்?" அவள் இப்போது சிரிக்கவில்லை.

அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இன்டர்நெட் எட்டாத என் அறையில், என் கம்பியூட்டருக்குள்.

"இன்னொரு இடத்திலை கேட்டுப் பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

முல்லைத்தீவில் இருந்து நான் இங்கே வந்து மூன்று வருடம். பிள்ளைகள் போன பிறகு தனுஷிகா ஒரு மணி நேரம் இருப்பாள். லயத்து வீடுகளின் சண்டைகளைச் சொல்வாள். கடல் எப்படி இருக்கும் என்று கேட்பாள். அவள் போனால் அடுத்த நாள் காலை வரை நான் வாய் திறக்க வேலையில்லை. கிடைக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. அடுத்த பரீட்சை ஒரு வருடம் கழித்துத்தான்.

அறைக்கு வந்து கம்பியூட்டரைத் திறந்து ரேமைக் கழற்றினேன். ஒரு பக்கம் எட்டு. திருப்பினேன், எட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கொண்டுபோய் நிலையத்து மெஷின் ஒன்றில் பூட்டினேன். முதலில் பீப் பீப் என்று கத்தியது. கழற்றி, ரேமின் அடியில் இருக்கும் தங்க நிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்துத் திரும்ப அழுத்தினேன். திரையில் நாலு ஜீபி வந்தது.

"எங்க கெடைச்சிச்சு சேர்?"

"தெரிஞ்ச ஒராளிட்ட."

"அவருக்கு வேணாமா?"

"இப்ப தேவையில்லையாம். நீ போய் முகத்தைக் கழுவிப்போட்டு வா."

அவள் எழுதும்போது நானும் செல்லசாமி அண்ணனும் வெளிப்படியில் இருந்தோம்.

"பாஸ் பண்ணிருவாளா சேர்?"

"பண்ணுவாள்."

"போயிட்டா வீடு வெறிச்சுன்னு கெடக்கும்." சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகப் பேசிவிட்டதுபோல் சிரித்தார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

நாலு மணிக்கு வெளியே வந்தாள். "ஒரு தடவகூட நிக்கல சேர்!"

மூன்று கிழமை கழித்து வேலைக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை ஹட்டனில் ரயில் ஏறினாள்.

அன்று பிள்ளைகள் மூன்றரைக்குப் போனார்கள். ஏழு மெஷினையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அவள் இருந்திருந்தால் நாலை அவள் நிறுத்தியிருப்பாள்.