பாலத்து ராட்சசனும் என் கட்டைவிரலும்

கை முறிந்து போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தபோது என் வலது கட்டைவிரல் என் பேச்சைக் கேட்கவில்லை. முடி வெட்டுகிறவளுக்கு அதுதான் எல்லாம். கத்தரியின் ஒரு வளையத்தில் மோதிரவிரல் அசையாமல் கிடக்கும். மறு வளையத்தில் கட்டைவிரல் மட்டும் திறந்து மூடும். என்னுடையது பாதியிலேயே நின்றது.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்மா. அதுக்கு மேல உன் நாற்காலியைப் புதுப் பொண்ணுக்குத்தான் கொடுக்கணும்" என்றார் சலூன் முதலாளியம்மா. நியாயம்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விரல் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அமுக்கி அமுக்கி வெறுத்துப்போய் அதை விட்டெறிந்தேன். பீரோவுக்கு அடியில் உருண்டதை எடுக்கக் குனிந்தபோது, தம்பியின் பழைய வீடியோ கேம் பெட்டி கண்ணில் பட்டது. அவன் பள்ளியில் படித்த காலத்து விளையாட்டு உள்ளேயே இருந்தது. ஒரு வீரன், ஒரு வாள், பாழடைந்த ஒரு நாடு. அன்று அவன் அதன் முன்னாலேயே பழியாகக் கிடந்தபோது திட்டித் தீர்த்தவள் நான்தான்.

விரலுக்காக என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். வீரனுக்கு மூக்கும் முழியும் சரியாக இல்லை. புல்லெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்த தரை. ஆனால் ஒரு மலைமேல் ஏறியதும் கீழே மழைக்குள் கோட்டை தெரிந்தது பாருங்கள், வாய்விட்டு "அடேயப்பா" என்றேன். ஓநாய்களை அடித்து, வீரனுக்குப் பலம் கூட்டும் அனுபவப் புள்ளி சேர்த்தேன். துருப்பிடித்த வாளைப் போட்டுவிட்டு நல்லதாக எடுத்தேன். பூட்டிய கதவு ஒன்றைக் கண்டால் திறக்காமல் விடுவதில்லை. ஊரெல்லாம் ஆடி மறந்துபோன விளையாட்டு எனக்கு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. கட்டைவிரலும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது.

கோட்டைக்கு முன் ஒரு பாலம். அதன் நடுவில் தூணைக் கையில் பிடித்தபடி ஒரு ராட்சசன். போன வேகத்தில் என்னைத் துவம்சம் செய்தான்.

வேலை முடிந்து வந்த தம்பி சிரித்தான். "இவன்கிட்டதான்கா நானும் ஆட்டத்தை விட்டேன். உன்னால ஆகாது."

"அது கிடக்கட்டும். உன் தலையைக் கொஞ்சம் கொடுடா, வெட்டிப் பழகணும்."

"ஐயோ, ஆளை விடு! என் முடி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "முதல்ல இவனை ஜெயி. அப்புறம் தரேன்."

விடுவேனா? காலையில் செத்தேன், மத்தியானம் செத்தேன். எல்லாப் பொத்தானையும் படபடவென்று அடித்து, தோள் வரை வலித்ததுதான் மிச்சம். அப்போதுதான் உறைத்தது. சலூனில் புதுப் பெண்ணிடம் நான் எப்போதும் கத்துவது இதற்குத்தானே. "கையை ஆட்டாதடி, கட்டைவிரலை மட்டும் ஆட்டு!"

மறுநாள் விடுமுறை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கேடயப் பொத்தானில் ஒரு விரலை வைத்து அப்படியே அசையாமல் பிடித்தேன். தூண் விழட்டும் என்று காத்திருந்தேன். விழுந்ததும் கட்டைவிரலால் ஒரே வெட்டு, பின்வாங்கினேன். மறுபடி காத்திருந்தேன். ஓரம் சீவுகிற பொறுமையோடு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கடைசியில் தூணோடு ஆற்றுக்குள் சரிந்தான்.

வீடே அதிரத் தம்பி கத்தினான். கோட்டைக் கதவு திறந்துகொண்டிருந்தது. நான் விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, முடி வெட்டும்போது போர்த்துகிற துணியை உதறினேன்.

"உட்காருடா."

"இப்பவேவா?"

"இப்பவே."

காதுக்குப் பக்கத்தில் கத்தரியைக் கொண்டுபோனபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஆனால் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த நாள் அவனையே சலூனுக்கு இழுத்துப் போனேன். முதலாளியம்மா அவன் பிடரியில் சீப்பை மேலும் கீழும் ஓட்டினார். தலையைச் சாய்த்து இரண்டு காதுப் பக்கமும் ஒத்துப் பார்த்தார். என் நாற்காலியில் கிடந்த புதுப் பெண்ணின் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"வெளிய உன் வாடிக்கைக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க, கூப்பிடு."

அழக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தேன். கோட்டைக்குள் என்ன இருக்கிறதென்று சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும்.