கண்ணைத் திறக்காத பஸ் டிரைவர்

நகராட்சியில் அடையாள அட்டைக்குப் பதிவு செய்யும் அந்தப் பெண்ணுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் படம் எடுப்பது அவள் வேலை. இன்னும் சில வீடுகள் பாக்கி. படமும் கைரேகையும் எடுக்கும் கருவியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. கீழே, அவளை அழைத்து வந்த வேன்காரர் ஹாரன் அடிப்பதை விட்டபாடில்லை.

கட்டிலில் கிடந்தவர் முன்னாள் பஸ் டிரைவர். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து, வெளியாள் வந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு. அட்டை இல்லாமல் ஆபரேஷனுக்குச் சேர்க்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பழைய அட்டையோ வீடு மாறியபோது தொலைந்துபோயிருந்தது.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க."

திரும்பினார். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணு திறந்திருந்தாதான் மிஷின் ஏத்துக்கும் சார்."

"இந்த மூஞ்சிய எவன் பாக்கணும்?" வார்த்தை குழறியது, கோபம் குழறவில்லை.

"பஸ் நிறைய ஆள ஏத்திட்டுப் போனவரு, ஒரு போட்டோவுக்கு என்ன பிகு பண்றாரு பாரும்மா" என்றாள் மனைவி.

பெண் அவளை வாசல் பக்கம் அழைத்துப் போனாள். "பழைய அட்டை இல்லாததால ரத்த சொந்தம் ஒருத்தர் சாட்சி சொல்லணும்மா."

"பிள்ளைகுட்டி இல்ல. ஒரு தம்பி இருக்காரு." மனைவி குரலைத் தாழ்த்தினாள். "மாமியார் செத்தப்ப இவர் வெளியூர்ல வண்டில இருந்தாரு. வர்றதுக்குள்ள தம்பி பொணத்த எடுத்துட்டாரு. அதோட பேச்சு நின்னுபோச்சு. காலையில இவருக்குத் தெரியாம நான்தான் போன் போட்டேன். வரேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல."

பெண் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். சார்ஜ் விளக்கு சிவப்புக்கு மாறியது. ஆபீஸிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. மறுபடி கேமராவைத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணே."

வாசலில் ஒருவர் ஹெல்மெட்டும் கையுமாக நின்றார்.

டிரைவரின் கண்கள் இரண்டும் அகலத் திறந்தன. அவள் விரல் தானாக அழுத்திவிட்டது. கருவி கீச்சென்றது. படம் பதிவாகிவிட்டது.

"எவ இவன உள்ள விட்டது?"

"நான்தான்" என்றாள் மனைவி, அசராமல்.

"சாட்சிக்குத்தான் வந்தேன் அண்ணி. முடிச்சிட்டுப் போயிடறேன்."

விதிப்படி கேட்க வேண்டியதைப் பெண் கேட்டாள். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

தம்பி ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "கூடப் பொறந்த அண்ணன்."

"உறுதியா தெரியுமா?"

"வாய் கோணினா என்ன மேடம், திட்டு அதே திட்டுதான். சந்தேகமே இல்ல."

மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். கட்டிலில் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. தம்பி கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வர்ற வரைக்கும் அம்மாவ வச்சிருக்கலாம்லடா."

"வச்சிருக்கலாம்ணே. தப்புதான்."

போகிறேன் என்றவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். பெண் பையை வாரிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

அட்டை வந்து, ஆபரேஷனும் நடந்தது. ஒருநாள் டிரைவரின் மனைவி ஆபீஸுக்குப் போன் செய்தாள். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. ஆனா ரெண்டு பேரும் வார்டுல அரசியல் பேசி ஒரே சண்டை. நர்ஸம்மா தம்பிய வெளிய தள்ளிட்டாங்க."